உலகளாவிய முதுமை மற்றும் வயதுவந்தோர் நலம் குறித்த ஆய்வு

உலகளாவிய முதுமை மற்றும் வயதுவந்தோர் நலம் குறித்த ஆய்வு என்பது, 50 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களின் உடல்நலத்தையும் வாழ்நிலையையும் அறிய உலக சுகாதார நிறுவனம் முன்னெடுத்த பன்னாட்டு நீள்வெட்டு ஆய்வாகும். இதன் ஆங்கிலப் பெயரின் சுருக்கத்தைக் கொண்டு இது பொதுவாக 'சேஜ்' ஆய்வு என்று அழைக்கப்படுகிறது. சீனா, இந்தியா, கானா, மெக்சிகோ, உருசியா, தென்னாப்பிரிக்கா ஆகிய 6 நாடுகளில் இது நடத்தப்பட்டது. 2010ஆம் ஆண்டளவில் உலக மக்கள்தொகையில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கினர் இந்த 6 நாடுகளில் வாழ்ந்தனர்.

முதுமை பற்றிய நெடுங்கால ஆய்வுகள் இதற்கு முன்னரும் இருந்தன. ஆனால் அவற்றுள் பெரும்பாலானவை செல்வம் மிகுந்த நாடுகளைச் சார்ந்தவை. வருமானம் குறைந்த, நடுத்தர வருமானமுள்ள நாடுகளின் முதியோரை ஒரே வினாக்கொத்தாலும் ஒரே அளவைகளாலும் ஒப்பிட்டு அறிய முயன்றதே சேஜ் ஆய்வின் தனித்தன்மை. முதியோரிடம் அவர்களது நோய்களைப் பற்றிக் கேட்டதோடு நில்லாமல், அவர்களை நடக்கச் செய்தும், கைப்பிடி வலுவைச் சோதித்தும், இரத்த அழுத்தத்தை அளந்தும் இது தரவு திரட்டியது. மக்கள் தம் உடல்நலம் பற்றிக் கூறுவதும் அளவீடு காட்டுவதும் எவ்வளவு தூரம் வேறுபடக்கூடும் என்பது இவ்வாய்வின் முதன்மையான கண்டறிதல்களுள் ஒன்றாக அமைந்தது.

பின்னணி

மக்கள்தொகையில் முதியோரின் விகிதம் கூடுவது முதலில் ஐரோப்பாவில் நிகழ்ந்தது. அது மிக மெதுவாக நிகழ்ந்தது. பிரான்சில் 65 வயதைக் கடந்தோரின் பங்கு 7 விழுக்காட்டிலிருந்து 14 விழுக்காடாக உயர நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. சீனா 7 விழுக்காட்டை 2000ஆம் ஆண்டை ஒட்டி எட்டியது. 2021இல் 14 விழுக்காட்டைக் கடந்துவிட்டது. ஓய்வூதியம், மருத்துவமனை, பராமரிப்பு இல்லம் ஆகியவற்றை அமைத்துக்கொள்ளப் பிரான்சுக்கு நான்கைந்து தலைமுறைகள் அவகாசம் கிடைத்தது. சீனாவுக்கு ஒரு தலைமுறை கூடக் கிடைக்கவில்லை.

இந்த மாற்றத்தைக் கணிக்கத் தேவையான தரவுகள் வளரும் நாடுகளிடம் இல்லை. அந்நாடுகளில் நடைபெற்ற பெரிய நலவாழ்வுக் கணக்கெடுப்புகள் தாய்சேய் நலத்தையும் கருவளத்தையும் மையமாகக் கொண்டவை. இந்தியாவில் 1992-93இல் தொடங்கிய தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அது 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களிடம் விரிவாகக் கேள்வி கேட்கும். ஐம்பதாவது பிறந்தநாளைக் கடந்த பெண்ணிடம் தனியாகக் கேட்க அதன் வினாக்கொத்தில் ஏதுமில்லை. மகப்பேற்று வயதைத் தாண்டியவுடன் புள்ளிவிவரத்திலிருந்தே ஒருவர் மறைந்துவிடுகிறார் என்று இதனைக் கூறலாம். நீரிழிவு, மூட்டுவாதம், கண்புரை, இதயநோய் போன்றவை தலைகாட்டும் வயதும் ஏறத்தாழ அதுவே.

செல்வ நாடுகளில் நிலை வேறாக இருந்தது. அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகம் 1992இல் உடல்நலம் மற்றும் ஓய்வுக்காலம் குறித்த ஆய்வைத் தொடங்கியது. அதனைப் பின்பற்றி 2002இல் இங்கிலாந்திலும், 2004இல் ஐரோப்பாவின் பிற நாடுகளிலும் இத்தகைய ஆய்வுகள் தோன்றின. 2001இல் மெக்சிகோவிலும் ஒரு ஆய்வு தொடங்கப்பட்டது. இவை ஒவ்வொன்றும் ஆயிரக்கணக்கான முதியோரைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மீண்டும் சந்தித்துத் தரவு திரட்டுபவை.

2002ஆம் ஆண்டு ஏப்ரலில் மாட்ரிட் நகரில் கூடிய முதுமை குறித்த ஐக்கிய நாடுகளின் இரண்டாம் உலகப் பேரவை ஒரு பன்னாட்டுச் செயல்திட்டத்தை ஏற்றுக்கொண்டது. முதுமை பற்றிய ஆய்வுகளையும் தரவுகளையும் வளரும் நாடுகளில் பெருக்க வேண்டும் என்பது அதன் கோரிக்கைகளுள் ஒன்று. அதே காலத்தில் (2002-2004) உலக சுகாதார நிறுவனம் 70 நாடுகளில் உலக நலவாழ்வுக் கணக்கெடுப்பை நடத்திக்கொண்டிருந்தது. அக்கணக்கெடுப்பின் கட்டமைப்பின் மீதே சேஜ் ஆய்வு எழுப்பப்பட்டது. ஆகையால் 2002-2004 கணக்கெடுப்பு இவ்வாய்வின் 'சுழியச் சுற்று' எனக் குறிக்கப்படுகிறது.

நீள்வெட்டு ஆய்வின் தேவை

ஒரே நேரத்தில் பல வயதினரை அளந்து ஒப்பிடுவது குறுக்குவெட்டு ஆய்வு. ஒரே மனிதர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து அளப்பது நீள்வெட்டு ஆய்வு. முதுமையைப் பொறுத்தவரை இவ்விரண்டும் தரும் விடைகள் ஒன்றல்ல.

எடுத்துக்காட்டாக, இன்று 80 வதில் உள்ள ஒருவரின் கைப்பிடி வலு 50 வயதில் உள்ளவரின் வலுவைவிடக் குறைவாக இருப்பதாகக் கொள்வோம். இந்த வேறுபாடு முழுவதும் முதுமையால் வந்தது என்று கூற இயலாது. 80 வயதினர் குழந்தைப் பருவத்தில் போதிய உணவின்றி வளர்ந்திருக்கலாம். உயரமும் தசையும் தொடக்கத்திலேயே குறைந்திருக்கலாம். இது பிறப்புக்குழு விளைவு எனப்படும். சேஜ் ஆய்வு நடந்த நாடுகளில் இவ்விளைவு சிறியதன்று. சீனாவில் 1959-1961 காலத்துப் பெரும் பஞ்சத்தின்போது பிறந்தவர்கள் ஆய்வு நடந்த காலத்தில் 50 வயதை எட்டிக்கொண்டிருந்தனர். உருசியாவில் சோவியத் ஒன்றியத்தின் வீழ்ச்சிக்குப் பின்னர் ஆண்களின் சராசரி ஆயுள் 1994இல் 58 ஆண்டுகளுக்கும் கீழே இறங்கியது. தென்னாப்பிரிக்காவின் முதியோர் தம் வாழ்நாளின் பெரும்பகுதியை இனஒதுக்கல் ஆட்சியின் கீழ்க் கழித்தவர்கள். இவர்களது உடல்களில் வயதோடு வரலாறும் பதிந்துள்ளது. இரண்டையும் பிரித்தறிய அதே மனிதரை மீண்டும் மீண்டும் அளப்பதைத் தவிர வேறு நம்பகமான வழி இல்லை.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. 80 வயதை எட்டுபவர்கள் உயிர் பிழைத்தவர்கள் மட்டுமே. அவர்களோடு பிறந்து 60 வயதில் இறந்தவர்கள் குறுக்குவெட்டு ஆய்வில் இடம்பெறுவதில்லை. இதனால் மிக முதியவர்கள் உண்மையில் இருப்பதைவிடத் திடமானவர்களாகத் தோன்றக்கூடும்.

அமைப்பும் பங்குபெற்ற நாடுகளும்

ஆய்வின் ஒருங்கிணைப்பு செனீவாவில் உள்ள உலக சுகாதார நிறுவனத்திடம் இருந்தது. சோம்நாத் சாட்டர்ஜி, பால் கோவல் ஆகியோர் இதனை வழிநடத்தியவர்களுள் முதன்மையானவர்கள். அமெரிக்க அரசின் தேசிய முதுமை ஆய்வு நிறுவனம் நிதியுதவி அளித்தது. களப்பணியை ஒவ்வொரு நாட்டிலும் அந்நாட்டு நிறுவனங்களே மேற்கொண்டன. இந்தியாவில் மும்பையில் உள்ள பன்னாட்டு மக்கள்தொகை அறிவியல் நிறுவனமும், கானாவில் கானா பல்கலைக்கழகமும், மெக்சிகோவில் தேசியப் பொதுநலவாழ்வு நிறுவனமும், தென்னாப்பிரிக்காவில் மனித அறிவியல் ஆய்வு மன்றமும் இப்பணியைச் செய்தன.

முதல் சுற்று 2007 முதல் 2010 வரை நடந்தது. இதில் 50 வயதும் அதற்கு மேலும் உள்ள 34,124 பேரும், ஒப்பீட்டுக்காக 18 முதல் 49 வயது வரையுள்ள 8,340 பேரும் பங்கேற்றனர். மிகப் பெரிய மாதிரி சீனாவுடையது. அங்கு 50 வயதைக் கடந்த 13,000க்கும் மேற்பட்டோர் சேர்க்கப்பட்டனர். இந்தியாவில் இவ்வெண்ணிக்கை 6,560. மெக்சிகோவின் மாதிரி மிகச் சிறியது.

முதியோர் என்பதற்குப் பல நாடுகளில் 60 அல்லது 65 வயதே எல்லையாகக் கொள்ளப்படுகிறது. சேஜ் ஆய்வு 50ஐத் தேர்ந்தெடுத்தது. நாட்பட்ட நோய்கள் 50களிலேயே தொடங்கிவிடுவதாலும், சராசரி ஆயுள் குறைந்த ஆப்பிரிக்க நாடுகளில் 65ஐ எல்லையாக வைத்தால் போதிய எண்ணிக்கையினர் கிடைக்கமாட்டார்கள் என்பதாலும் இத்தேர்வு பொருத்தமானதே.

இந்தியாவில் அசாம், இராசத்தான், உத்தரப் பிரதேசம், கருநாடகம், மகாராட்டிரம், மேற்கு வங்காளம் ஆகிய 6 மாநிலங்கள் தேர்ந்தெடுக்கப்பட்டன. நாட்டின் வெவ்வேறு நிலப்பகுதிகளையும் வளர்ச்சி நிலைகளையும் இவை சுட்டுமாறு தேர்வு அமைந்தது. தென்னிந்தியாவிலிருந்து கருநாடகம் மட்டுமே இடம்பெற்றது. தமிழ்நாடும் கேரளமும் இதில் இல்லை. இந்தியாவிலேயே முதியோர் விகிதம் உயர்ந்த மாநிலங்களுள் இவ்விரண்டும் அடங்கும் என்பதால் இது கவனிக்கத்தக்க விடுபடலாகும்.

இந்த 6 நாடுகளுக்கு அப்பால், ஏற்கெனவே தொடர் மக்கள்தொகைக் கண்காணிப்பு நடைபெற்றுவந்த 8 களங்களிலும் சேஜ் வினாக்கொத்தின் சுருங்கிய வடிவம் பயன்படுத்தப்பட்டது. தென்னாப்பிரிக்காவின் அகின்கோர்ட், கென்யாவின் நைரோபி, வங்காளதேசத்தின் மத்லப், இந்தியாவில் மகாராட்டிரத்தின் வடு ஆகியவை அவற்றுட் சில. இக்களங்களில் 50 வயதைக் கடந்த 46,000க்கும் மேற்பட்டோர் வினவப்பட்டனர். தென்னாப்பிரிக்காவிலும் உகாண்டாவிலும் எச்.ஐ.வி தொற்றுடன் வாழும் முதியோர், தொற்றுக்குள்ளான பிள்ளைகளையும் பேரக்குழந்தைகளையும் பராமரிக்கும் முதியோர் ஆகியோரைக் குறித்துத் தனி ஆய்வுகள் இணைக்கப்பட்டன. முதியோர் பராமரிப்பைப் பெறுபவர்கள் மட்டுமல்லர், அளிப்பவர்களும் ஆவர் என்பதை இப்பகுதி வெளிக்கொணர்ந்தது.

அளவிடும் முறைகள்

நேர்காணல் பங்கேற்பாளரின் வீட்டிலேயே நடைபெற்றது. குடும்ப உறுப்பினர்கள், வருமானம், செலவு, வீட்டு வசதிகள், தொழில், புகைப்பழக்கம், உணவு, மருத்துவச் செலவு எனக் கேள்விகள் நீண்டன. நினைவிழப்பு போன்ற காரணங்களால் விடையளிக்க இயலாதவருக்காக அவரை நன்கு அறிந்த ஒருவர் விடையளிக்க இடமளிக்கப்பட்டது.

உடல்நலம் 8 கூறுகளாகப் பகுக்கப்பட்டது: நடமாட்டம், தற்பராமரிப்பு, வலி, அறிதிறன், பிறருடன் பழகுதல், பார்வை, உறக்கம், மனநிலை. ஒவ்வொன்றிலும் கடந்த 30 நாட்களில் எவ்வளவு சிரமம் இருந்தது என்பதைச் 'சிரமமில்லை' முதல் 'மிகக் கடுமையான சிரமம்' வரையுள்ள 5 படிகளுள் ஒன்றாகப் பங்கேற்பாளர் குறிப்பிட வேண்டும்.

இங்குதான் ஒப்பீட்டுச் சிக்கல் எழுகிறது. நாள்தோறும் தலைச்சுமையுடன் ஐந்து கிலோமீட்டர் நடந்து பழகிய ஒரு மூதாட்டிக்குச் 'சிறிது சிரமம்' என்பதன் பொருள் வேறு. ஊர்தியிலேயே சென்று பழகிய ஒருவருக்கு அதன் பொருள் வேறு. பொருளியல் அறிஞர் அமர்த்தியா சென் 2002இல் பிரித்தானிய மருத்துவ இதழில் எழுதிய கட்டுரையில் இதனைச் சுட்டிக்காட்டினார். இந்திய மாநிலங்களுள் ஆயுள் மிகுந்த கேரளத்தில்தான் மக்கள் மிக அதிகமாக நோயுற்றிருப்பதாகக் கூறினர். ஆயுள் குறைந்த பீகாரில் மிகக் குறைவாகவே கூறினர். அமெரிக்கர்கள் கேரள மக்களைவிடவும் அதிகமாக நோய் கூறினர். கல்வியும் மருத்துவ வசதியும் பெற்றவர் தம் நோயை நோய் என அறிகிறார்; அவை கிட்டாதவர் அதனை வாழ்க்கையின் இயல்பு எனக் கொள்கிறார். ஆகவே மக்களின் கூற்றை மட்டும் நம்பி நிதி ஒதுக்கினால், தேவை மிகுந்தவர்களுக்கே அது சென்று சேராமல் போகும்.

இதனைச் சரிசெய்ய இரண்டு வழிகள் கையாளப்பட்டன. முதலாவது ஒப்பீட்டுக் குறுங்கதைகள். கற்பனை மனிதர் ஒருவரின் நிலை சில வரிகளில் படித்துக் காட்டப்படும். அரை மைல் நடந்தால் மூச்சு வாங்கும், மாடிப்படி ஏற முடியாது என்றவாறு அது அமையும். அம்மனிதருக்கு நடப்பதில் எவ்வளவு சிரமம் என்பதைப் பங்கேற்பாளர் அதே 5 படிகளில் மதிப்பிட வேண்டும். கதை எல்லோருக்கும் ஒன்றே. எனவே மதிப்பீடுகள் வேறுபட்டால் அது அளவுகோலின் வேறுபாடு. அந்த வேறுபாட்டைக் கொண்டு அவர் தம்மைப் பற்றிக் கூறியதைத் திருத்திக் கணக்கிடலாம். இம்முறை எல்லாச் சூழல்களிலும் செவ்வையாக வேலை செய்வதில்லை என்ற திறனாய்வும் உண்டு. கதையை எல்லோரும் ஒரே பொருளில் விளங்கிக்கொள்கிறார்கள் என்ற எடுகோளின் மீதே இம்முறை நிற்கிறது.

இரண்டாவது வழி நேரடி அளவீடு. பங்கேற்பாளர் 4 மீட்டர் தொலைவை முதலில் இயல்பான நடையிலும் பின்னர் விரைந்தும் கடக்கும் நேரம் குறிக்கப்பட்டது. டைனமோமீட்டர் என்ற கருவியை இரு கைகளாலும் மாறிமாறி இறுக்கச் செய்து கைப்பிடி வலு அளக்கப்பட்டது. உயரம், எடை, இடுப்புச் சுற்றளவு, இரத்த அழுத்தம், நுரையீரலின் காற்றுக் கொள்ளளவு, கிட்டப் பார்வை, தூரப் பார்வை ஆகியவையும் சோதிக்கப்பட்டன. அறிதிறனுக்கு 10 சொற்களைக் கேட்டுத் திரும்பச் சொல்லுதல், எண்வரிசையை நேராகவும் தலைகீழாகவும் சொல்லுதல், ஒரு நிமிடத்தில் இயன்ற அளவு விலங்குகளின் பெயர்களைக் கூறுதல் ஆகிய சோதனைகள் வைக்கப்பட்டன. எழுத்தறிவற்றோரும் பங்கேற்கக்கூடிய சோதனைகள் இவை என்பது முக்கியமானது. விரல் நுனியில் குத்தி எடுத்த இரத்தத் துளிகள் தாளில் உலர்த்திச் சேமிக்கப்பட்டன. குளிரூட்டி வசதியற்ற ஊர்களிலிருந்து மாதிரிகளைக் கொண்டுவர இம்முறை ஏற்றது.

நோய்களைப் பொறுத்தவரை, 'உமக்கு இந்நோய் உள்ளதென்று எப்போதேனும் மருத்துவர் கூறியுள்ளாரா?' என்ற வினாவுடன் நோய்க்குறிகள் பற்றிய வினாக்களும் கேட்கப்பட்டன. ஆஞ்சைனா எனப்படும் இதயம் சார்ந்த நெஞ்சுவலிக்கு, பிரித்தானிய மருத்துவர் செப்ரி ரோசு 1962இல் வெளியிட்ட வினாநிரல் பயன்பட்டது. மேட்டில் ஏறும்போதோ விரைந்து நடக்கும்போதோ வலி வருகிறதா, நின்றால் 10 நிமிடத்திற்குள் தணிகிறதா என்பன போன்ற வினாக்கள் அதில் உள்ளன. மருத்துவரையே காணாத ஒருவரிடமும் நோயின் தடத்தை இவ்வாறு கண்டறிய இயலும்.

முக்கிய முடிவுகள்

இரு வகை வினாக்களும் ஒரே மனிதரிடம் கேட்கப்பட்டதன் பயன் இந்தியத் தரவில் தெளிவாகத் தெரிந்தது. முதல் சுற்றின் இந்தியத் தரவைக் கொண்டு 2013இல் வெளியான பகுப்பாய்வு ஒன்று, தொற்றா நோய்கள் இருப்பதாகத் தாமே கூறியோர் வசதி படைத்தவரிடையே மிகுந்திருந்ததைக் காட்டியது. இதை மட்டும் பார்த்தால் இதயநோயும் இரத்தக் கொதிப்பும் செல்வர்களின் நோய் என்ற பழைய கருத்து உறுதிப்படுவது போலத் தோன்றும். ஆனால் நோய்க்குறிகளாலும் கருவிகளாலும் கண்டறிந்தபோது இவ்வேறுபாடு குறைந்தது. சில நோய்களில் தலைகீழாகவும் மாறியது. ஏழைகளுக்கு நோய் குறைவாக இல்லை. அவர்களுக்கு நோய் உள்ளதென்று கூற ஒரு மருத்துவர் இல்லை.

இரத்த அழுத்தம் குறித்த முடிவுகள் இதனினும் கடுமையானவை. 2014இல் வெளியான ஒப்பீட்டின்படி, 6 நாடுகளின் 50 வயதைக் கடந்தோரில் 52.9 விழுக்காட்டினருக்கு உயர் இரத்த அழுத்தம் இருந்தது. இந்தியாவில் 32.3 விழுக்காடாகவும் தென்னாப்பிரிக்காவில் 77.9 விழுக்காடாகவும் இது வேறுபட்டது. தமக்கு இந்நோய் இருப்பதை அறிந்தவர்களின் பங்கு எல்லா நாடுகளிலும் குறைவு. நோயுற்றவர்களுள் அழுத்தம் கட்டுப்பாட்டில் இருந்தவர்கள் பெரும்பாலான நாடுகளில் பத்தில் ஒரு பங்கினரோ அதற்கும் குறைவானவர்களோதான். உயர் இரத்த அழுத்தத்தைக் கண்டறிய ஒரு பட்டைக் கருவி போதும். அதற்கான மாத்திரைகள் விலை மலிவானவை. பக்கவாதத்தையும் மாரடைப்பையும் தடுக்கக்கூடிய மிக எளிய தலையீடு ஒன்று இத்தனை கோடிப் பேரைச் சென்றடையவில்லை என்பதே இவ்வெண்களின் பொருள்.

சுழியச் சுற்றான உலக நலவாழ்வுக் கணக்கெடுப்பும் குறிப்பிடத்தக்க முடிவொன்றைத் தந்தது. 60 நாடுகளைச் சேர்ந்த 245,404 பேரின் தரவைக் கொண்டு 2007இல் லான்செட் இதழில் வெளியான கட்டுரை, ஆஞ்சைனா, மூட்டுவாதம், ஆஸ்துமா, நீரிழிவு ஆகியவற்றைவிட மனச்சோர்வே ஒருவரின் நலநிலையை மிகுதியாகக் குறைக்கிறது என்று காட்டியது. இந்நோய்களுள் ஒன்றுடன் மனச்சோர்வும் சேரும்போது நிலை இன்னும் மோசமாகிறது. முதியோரின் சோர்வை வயதின் இயல்பு என ஒதுக்கிவிடும் வழக்கத்திற்கு எதிரான வலுவான சான்றாக இது கொள்ளப்பட்டது.

உலக சுகாதார நிறுவனம் 2015இல் வெளியிட்ட முதுமையும் நலவாழ்வும் பற்றிய உலக அறிக்கை சேஜ் தரவுகளைப் பயன்படுத்தியது. ஒரே வயதினரிடையே திறன்களில் பெரும் வேறுபாடு உண்டென்பது அவ்வறிக்கையின் மையக்கருத்துகளுள் ஒன்று. 80 வயதிலும் இளைஞர்களுக்கு நிகரான உடல், மனத் திறன் கொண்டவர்கள் உள்ளனர். 60 வயதிலேயே அன்றாட வேலைகளுக்குப் பிறரைச் சார்ந்திருப்போரும் உள்ளனர். இவ்வேறுபாட்டின் பெரும்பகுதி பிறப்பால் அமைவதன்று. வாழ்ந்த சூழலால் அமைவது. ஐக்கிய நாடுகள் அவை 2021 முதல் 2030 வரையுள்ள காலத்தை நலமிக்க முதுமைக்கான பத்தாண்டாக அறிவித்தது.

குறைகள்

நீள்வெட்டு ஆய்வு என்ற பெயருக்கு ஏற்பச் சேஜ் எல்லா நாடுகளிலும் முழுமையாக அமையவில்லை. சுழியச் சுற்றில் இருந்தவர்களுள் 8,160 பேரே முதல் சுற்றிலும் பங்கேற்றனர். அவர்கள் கானா, இந்தியா, மெக்சிகோ, உருசியா ஆகிய 4 நாடுகளைச் சேர்ந்தவர்கள். சீனாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் முதல் சுற்றுக்குப் புதிய மாதிரியே எடுக்கப்பட்டது.

விடையளித்தோர் விகிதமும் நாட்டுக்கு நாடு மிகவும் வேறுபட்டது. சீனாவில் அது 93 விழுக்காடு, இந்தியாவில் 68, மெக்சிகோவில் 53 மட்டுமே. பங்கேற்க மறுத்தவர்களும் பங்கேற்றவர்களும் ஒத்த நலநிலையினர் என்று கொள்ள இயலாது. எனவே நாடுகளை ஒப்பிடும்போது இதனைக் கருத்திற்கொள்ள வேண்டும். வீடுகளை அடிப்படையாகக் கொண்ட மாதிரி என்பதால் தெருவோரத்தில் வாழும் முதியோர் இத்தகைய ஆய்வுகளில் இடம்பெறுவதில்லை.

சுற்றுகளுக்கு இடையிலான காலமும் நீண்டது. அமெரிக்க ஆய்வு 2 ஆண்டுகளுக்கு ஒருமுறை நடைபெறுகிறது. சேஜ் ஆய்வின் இரண்டாம் சுற்று 2014இல்தான் தொடங்கியது. முதியோர் ஆய்வில் ஏழு ஆண்டு இடைவெளி பெரிது. அதற்குள் பலர் இறந்திருப்பர், பலர் இடம்பெயர்ந்திருப்பர். மூன்றாம் சுற்று கானாவில் 2019இல் நடைபெற்றது.

தொடர்புடைய ஆய்வுகள்

சேஜ் வினாக்கொத்து தொடக்கத்திலிருந்தே அமெரிக்க, ஆங்கிலேய, ஐரோப்பிய ஆய்வுகளுடன் ஒப்பிடத்தக்கவாறு வடிவமைக்கப்பட்டது. பின்னர் ஆசியாவிலும் தனித்தனி நாடுகளுக்கான ஆய்வுகள் பெருகின. தென் கொரியா 2006இலும் சப்பான் 2007இலும் தம் ஆய்வுகளைத் தொடங்கின. சீனா 2008இல் இரு மாகாணங்களில் முன்னோட்டம் நடத்தி, 2011இல் நாடளாவிய ஆய்வைத் தொடங்கியது.

இந்தியாவில் சேஜ் ஆய்வை நடத்திய அதே மும்பை நிறுவனம், ஆர்வர்டு பல்கலைக்கழகம், தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகம் ஆகியவற்றுடன் இணைந்து இந்திய நீள்வெட்டு முதுமை ஆய்வை மேற்கொண்டது. 2010இல் கருநாடகம், கேரளம், பஞ்சாப், இராசத்தான் ஆகிய மாநிலங்களில் இதன் முன்னோட்டம் நடந்தது. 2017இல் தொடங்கிய முதல் சுற்றில் 45 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்கள், அவர்களது வாழ்க்கைத்துணைவர் என 72,000க்கும் மேற்பட்டோர் சேர்க்கப்பட்டனர். அதன் அறிக்கை 2021 சனவரியில் வெளியானது. சேஜ் ஆய்வில் விடுபட்ட தமிழ்நாடும் கேரளமும் இதில் இடம்பெற்றுள்ளன. மாநில வாரியாகத் தனித்தனி மதிப்பீடுகள் தரும் அளவுக்கு மாதிரி பெரியதாக இருப்பதால், தமிழ்நாட்டு முதியோரின் நலத்தைப் பிற மாநிலங்களுடன் ஒரே அளவுகோலால் ஒப்பிட இது வழிசெய்தது.

சேஜ் ஆய்வின் பெயர் நீக்கப்பட்ட தரவுகள் உலக சுகாதார நிறுவனத்தின் தரவுக் காப்பகத்தில் வைக்கப்பட்டுள்ளன. பதிவு செய்துகொண்டு பயன்பாட்டு நோக்கத்தைத் தெரிவிக்கும் ஆய்வாளர்கள் அவற்றைப் பெற்றுப் பயன்படுத்தலாம்.